மடுவில் ஆசனம் பிடித்தல்

ஆசனம் என்ற சொல்லுக்கு இருக்கை என்பதே பொருள். பதஞ்சலி வகுத்த யோகத்தின் எட்டு உறுப்புகளில் அது மூன்றாவது. யமமும் நியமமும் அதற்கு முன்னே வருகின்றன. பிராணாயாமம் முதல் சமாதி வரையான ஐந்தும் பின்னே. திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் இதே எட்டைத்தான் சொல்லுகிறார். இலங்கைத் தமிழில் இந்தச் சொல் பழைய பொருள் கெடாமல் இன்றும் புழங்குகிறது. பஸ்ஸில் மதகுருமாருக்கு ஒதுக்கி வைத்திருப்பது ஆசனம். தேர்தல் முடிந்த இரவில் கட்சிகள் எண்ணிப் பார்ப்பது ஆசனம். காலைத் தூக்கிக் கழுத்தில் போடுவதெல்லாம் பிற்காலத்து விரிவு. பிறர் பொருளை எடுக்காமை யமத்திலும், உள்ளதைக் கொண்டு திருப்திப்படுதல் நியமத்திலும் அடங்கும். இவ்விரண்டும் இடம் கிடைத்த பிறகுதான் மனிதனுக்குச் சாத்தியம் என்பதால் இலங்கைத் தமிழர் வரிசையைக் கொஞ்சம் மாற்றி, ஆசனத்தை முதலில் வைத்துக்கொண்டார்கள்.

யோக விடுமுறை எனப்படுவது, வீட்டில் சும்மா கிடைக்கும் அசௌகரியங்களைத் தூர இடத்துக்குப் போய்க் காசு கொடுத்து அனுபவிப்பது. இலங்கையில் இது பெரும்பாலும் தென்கரையில், வெலிகம, அகங்கம பக்கம் நடக்கிறது. விடியற்காலையில் எழுப்புவார்கள். தரையில் படுக்க வைப்பார்கள். மீன் இறைச்சி இராது. கைபேசியை வாங்கி ஒரு கூடைக்குள் போட்டுவிடுவார்கள். காலைச் சாப்பாடு முடியும்வரை ஒருவரோடொருவர் பேசக்கூடாது. வடமேல் மாகாணத்து உல்பொத்தவில் மின்சாரம் இல்லை என்பதே சிறப்பாகச் சொல்லப்படுகிறது; அதற்கென்றே கடல் கடந்து ஆட்கள் வருகிறார்கள். போர்க்காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்துப் பரீட்சை எழுதிய மன்னார்க்காரர் எவராவது இதைக் கேள்விப்பட்டால், தமக்கு எவ்வளவு பாக்கி வரவேண்டும் என்று அந்த இடத்திலேயே கணக்குப் பார்க்கத் தொடங்குவார்.

மேலே சொன்ன அத்தனையும் மன்னார் மாவட்டத்தில் ஒரே இடத்தில், கட்டணமில்லாமல் கிடைப்பது மடுவில். ரிட்ரீட் என்பதை இலங்கைக் கத்தோலிக்கர் தியானம் என்றே சொல்லிப் பழகியவர்கள். ‘சிஸ்டர்மார் தியானத்துக்குப் போயிட்டினம்’ என்றால் பள்ளிக்கூட விடுதியில் ஒரு கிழமைக்குக் கொண்டாட்டம் என்று பொருள். பதஞ்சலியின் ஏழாவது உறுப்பும் தியானம்தான். ஆகவே மூன்றாவது உறுப்பில் இடம் பிடித்து ஏழாவது உறுப்புக்குப் போய்ச் சேர்வதே மடுவில் தங்குவதன் முழுப்பயன். அதை அடையும் முறை இக்கட்டுரையின் பிற்பகுதியில் விளக்கப்படும்.

மடுவின் தொடக்கமே இடம் தேடிப் போனதுதான். 1658இல் மன்னாரை ஒல்லாந்தர் பிடித்தார்கள். கத்தோலிக்கருக்குக் கெட்ட காலம் பிறந்தது. மாந்தைக் கோயிலில் இருந்த மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு 1670இல் இருபது குடும்பங்கள் காட்டுக்குள் போய், மருதமடுவில் தங்கின. பெயரிலேயே மரமும் இருக்கிறது, தண்ணீரும் இருக்கிறது. மடுவுக்குப் போகிறவர்கள் இன்றும் தேடுவது இவ்விரண்டையும்தான். அந்த இருபது குடும்பங்களில் நல்ல நிழல்மரத்தைப் பிடித்தது எந்தக் குடும்பம் என்பதற்குப் பதிவு இல்லை. பிறகு யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து இன்னும் எழுநூறு பேர் வன்னிக்குள் வந்து சேர்ந்தார்கள் என்பது மரபு. ‘இஞ்ச ஆக்கள் வருகினம், தள்ளி இருங்கோ’ என்ற வாசகம் இத்தலத்தில் முதன்முறையாகக் கேட்டது அன்றைக்காகத்தான் இருக்கவேண்டும்.

இப்போதுள்ள தேவாலயத்துக்கு ஆயர் பொன்ஜீன் 1872இல் வேலை தொடங்கினார். 1924இல் மாதாவுக்கு முடிசூட்டு விழா நடந்தது. 2015 ஜனவரி 14 காலை கொழும்பு காலிமுகத்திடலில் யோசேப் வாசைப் புனிதராக அறிவித்த பாப்பரசர் பிரான்சிஸ், அன்று பின்னேரமே ஹெலிகொப்டரில் மடுவுக்கு வந்தார். பாயும் கயிறும் கொண்டுவராமல், மரம் பார்க்காமல், வந்த அன்றே திரும்பிப் போன யாத்திரிகர் அவர். மற்றவர்களுக்கு அது வாய்க்காது.

தங்குவதற்கு உகந்த காலங்கள் இரண்டு. ஆடி 2ஆம் திகதித் திருவிழா 1870இல் தொடங்கியது. ஆவணி 15ஆம் திகதி விண்ணேற்புத் திருவிழாதான் பெரியது. மாதப் பெயர் தமிழ்; திகதி இங்கிலீசுக் கலண்டருடையது. இந்தக் கலப்பு வெளியூர்த் தமிழருக்குக் குழப்பம் தரும், மன்னாரில் யாரும் இதைக் கவனிப்பதே இல்லை. ஆவணி 6இல் கொடியேற்றம், ஒன்பது நாள் நவநாள், 14ஆம் திகதி பின்னேரம் வேஸ்பர், 15 காலை திருவிழாத் திருப்பலி, பவனி, ஆசீர். அந்த நாட்களில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்றுக்கும் கச்சான் என்று பெயர், வழிநெடுகத் தாச்சியில் வறுத்து விற்கும் கடலைக்கும் கச்சான் என்று பெயர். இரண்டிலும் மண் இருக்கும்.

வழி சுலபம். மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்கு 1914இல் ரயில் ஓடத் தொடங்கிய காலம் தொட்டு மடு வீதி என்று ஒரு நிலையம் இருக்கிறது. 1990இல் நின்றுபோன ரயில் 2013 மே மாதம் அந்த நிலையம் வரை மறுபடி வந்து சேர்ந்தது. நிலையத்திலிருந்து உள்ளே காட்டுப்பாதை. ஒவ்வோர் ஆண்டும் திருவிழாவுக்கு முன்பாக மாவட்டச் செயலகத்தில் முன்னாயத்தக் கூட்டம் ஒன்று நடக்கும். தண்ணீர் பவுசர், மலசலகூடம், பஸ் சேவை, பொலிஸ், சுகாதாரப் பரிசோதகர், கடைகளுக்கு அனுமதி, எல்லாம் பேசப்படும். மரங்கள் பேசப்படுவதில்லை. எந்த மரம் யாருக்கு என்ற நாட்டின் மிகப் பெரிய காணிப் பிரச்சினைகளில் ஒன்று வருடாவருடம் ஒரு அதிகாரியின் கையெழுத்தும் இல்லாமல், முழுக்க முழுக்கப் பாயால் தீர்க்கப்படுகிறது.

இங்கே இடம் பிடித்தல் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது.

இடம் பிடிக்கும் கருவிகளில் ஆகச் சிறியது லேஞ்சி. பஸ் இன்னும் தரிப்பிடத்துக்குள் திரும்பிக்கொண்டிருக்கும்போதே ஜன்னலால் எறியப்படுவது. எறிந்தவர் நடத்துனரிடம் இடிபட்டு, படியில் மிதிபட்டு, ஐந்து நிமிடம் கழித்து உள்ளே வரும்போது, நான்காக மடித்த அந்தத் துணி ஆசனத்தின் நடுவில் பட்டயம்போல இருக்கும். சுற்றிவர நிற்கிறவர்கள் அதைத் தொடமாட்டார்கள். கொள்ளையும் கொலையும் கண்ட நாட்டில், பிறத்தியான் மூக்குத் துடைத்த துணிக்கு இருக்கும் இந்தச் சட்டபூர்வமான மரியாதையை எந்த அரசறிவியல் பாடநூலும் இன்னும் விளக்கவில்லை. லேஞ்சிக்கு மதமும் இல்லை. சிவராத்திரி அன்று திருக்கேதீச்சரத்தில் பாலாவித் தீர்த்தம் எடுத்துவந்து இரவிரவாகக் கண்விழிக்கும் அடியார்களும் மண்டபத்தில் முதலில் விரிப்பது லேஞ்சியைத்தான்.

ஆனால் லேஞ்சி ஓர் ஆசனத்துக்குத்தான் செல்லும். மரத்தடிக்குச் செல்லாது. காற்றடித்தால் உரிமை பறந்துவிடும். அடுத்த படி தண்ணீர்ப் போத்தல். அதன் பலவீனம், தாகமுள்ள எவனும் அதை எடுத்துக் குடித்துவிட்டு வைத்த இடத்தில் வைக்கமாட்டான். பை பரவாயில்லை, ஆனால் பையை விட்டுப் போகிறவரின் மனம் முழுவதும் பையிலேயே இருக்கும், தேவாலயத்துக்குள் முழந்தாளில் நின்றாலும் கண் வாசலில் இருக்கும். செருப்பை வைத்து இடம் பிடிப்பவர்கள் உண்டு. திரும்பி வரும்போது இடம் இருக்கும், செருப்பு இராது. பிள்ளையை இருத்திவிட்டுப் போவது பழைய முறை. இப்போது கைவிடப்பட்டு வருகிறது. ஒரு ஐஸ்பழத்துக்கு ஆறு பேருக்குரிய நிழலை விட்டுக்கொடுத்துவிடக்கூடிய வயது அது. அதோடு, ‘தம்பி, ஆரும் வருகினமோ?’ என்று கேட்டால் ‘இல்லை மாமி’ என்று உண்மையைச் சொல்லிவிடும்.

எல்லாக் கருவிகளிலும் உறுதியானது ஆச்சி. ஆச்சியை மரத்தின் அடியில், வேரோடு வேராக, கால் இரண்டையும் நீட்டி இருத்திவிட வேண்டும். பக்கத்தில் வெற்றிலைத் தட்டம், ஒரு செம்பு தண்ணீர், தோளில் ஒரு துவாய். பிறகு அந்த இடத்துக்குப் பொலிஸ் தேவையில்லை. யாராவது கிட்ட வந்து ‘அம்மா, இதில கொஞ்சம் இருக்கலாமோ?’ என்று கேட்டால் ஆச்சி முடியாது என்று சொல்லமாட்டார். ‘இருங்கோ மோனை, நீங்கள் எந்த ஊர்?’ என்று கேட்பார். ஊரைச் சொன்னால் தகப்பன் பெயர். தகப்பன் பெயரைச் சொன்னால் பேரன் பெயர். பேரன் பெயரைச் சொன்னால், அந்தப் பேரன் ஒரு காலத்தில் விடத்தல்தீவில் யாரிடம் வள்ளம் இரவல் வாங்கி எப்படித் திருப்பிக் கொடுக்கவில்லை என்ற வரலாறு தொடங்கும். பாதியிலேயே வந்தவர் எழும்பி வேறு மரம் பார்க்கப் போய்விடுவார். ஆச்சி இல்லாத குடும்பங்கள் பாயை நம்பத்தான் வேண்டியிருக்கிறது.

பாய் என்பது இருக்கை அல்ல, எல்லைப் பத்திரம். மன்னாரில் பனைக்குப் பஞ்சமில்லை. முன்பு பனையோலைப் பாய்தான். இப்போது பச்சையும் றோசுமாகப் பிளாஸ்ரிக் பாய். ஒரு பாயில் மூன்று பேர் படுக்கலாம் என்பது பாய் செய்தவரின் கணக்கு. விரிப்பவரின் கணக்கில் ஒரு பாய் பதினொரு பேருக்கான முன்பதிவு. அந்தப் பதினொரு பேரும் அந்த நேரம் மன்னாரில் குளித்துக்கொண்டிருப்பார்கள், அல்லது வவுனியாவில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் விரித்தவர் சொல்வது ஒன்றே: ‘ஆக்கள் வருகினம்.’ வருகினம் என்பது நிகழ்காலம் என்று இலக்கணம் சொல்லும். மடுவில் அது நாளை மறுநாள் வரை நீளும். நீர்கொழும்பிலிருந்தும் சிலாபத்திலிருந்தும் வரும் சிங்களக் குடும்பங்கள் இதையே ‘எனவா’ என்பார்கள். அந்த ‘எனவா’வும் அதே நீளம்தான். இரண்டு இனங்களும் ஒரே காலத்தைப் பாவிப்பது இந்த ஒரு வினைச்சொல்லில்.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்ளலாம். மன்னார்த் தீவைச் சேர்ந்த, ஐம்பது தாண்டிய, வலது முழங்காலில் பிடிப்புள்ள யாத்திரிகர் ஒருவர் ஆவணி 11ஆம் திகதி காலை ஆறு மணிக்கே மடுவுக்குப் போய்விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்று பாய், ஒரு நீலப் படங்கு, நாற்பது முழம் நைலோன் கயிறு, இரண்டு வாளி. ஓர் அகலமான பாலைமரம் கிடைக்கிறது. பாய்களைக் கிழக்கு மேற்காக, விளிம்போடு விளிம்பு முட்ட விரித்து, நாலு மூலைக்கும் கல்லு வைத்து, கயிற்றைக் கட்டி, படங்கை இழுத்து முடிச்சுப் போடுகிறார். வேர் ஒன்று நடுப்பாயின் கீழ் முதுகெலும்பு உயரத்தில் ஓடுகிறது. ஆனாலும் நல்ல இடம். குடும்பம் பின்னேரம் வந்து சேர்கிறது. 12ஆம் திகதி பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு வெள்ளை வான் வந்து நிற்கிறது.

வானிலிருந்து இறங்கிய பெண்மணி மிகவும் மரியாதையாகக் கேட்கிறார்: ‘அண்ணை, இந்தப் பாயைக் கொஞ்சம் மடிச்சு விடுவியளோ? ஒரு அடுப்பு வைக்க மட்டும்.’ உதாரண யாத்திரிகர் மாதாவின் மண்ணில் நிற்கிறோம் என்ற எண்ணத்தில் தென்மேற்கு மூலையை ஒரு சாண் மடித்துவிடுகிறார். இடங்கொடுத்தால் மடம் பிடிப்பான் என்ற பழமொழி மடம் கட்ட வசதி இருந்த காலத்தில் எழுந்தது. மடுவில் அடுப்பு போதும். அடுப்புக்குப் பக்கத்தில் சட்டி வைக்க இடம் வேண்டும். சட்டிக்குப் பக்கத்தில் சமைப்பவர் குந்துவதற்குப் பலகைக்கட்டை. கட்டைக்குப் பின்னால் விறகு. சமைப்பவருக்குத் துணையாக அவருடைய அக்கா. அக்காவுக்கு இடுப்பு வருத்தம். ஆகவே பிளாஸ்ரிக் கதிரை. கதிரையின் முன்னிரண்டு கால்கள் மடிந்த மூலையின் மேல். பொழுதுபட ஒரு சாண் மூன்று சாணாகிவிட்டது. இரவு எட்டு மணிக்கு அந்த அடுப்பில் மாட்டிறைச்சிக் கறி கொதிக்க, நவநாளுக்கு மரக்கறி மட்டும் சாப்பிடுவதாக நேர்ந்திருந்த உதாரண யாத்திரிகர், மூச்சை உள்ளே இழுத்து வெளியே விட்டுக்கொண்டிருந்தார். பிராணாயாமம் நான்காவது உறுப்பு.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போகமுடியாது. 1990 தொடங்கி இதே மரங்களின் கீழ் விரிந்த பாய்கள் திருவிழாவுக்கு வந்தவை அல்ல. ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் திறந்த நிவாரண நிலையமாக மடு இருந்த காலம் அது. ஊரை விட்டு ஓடிவந்தவர்கள் கிழமைக் கணக்கில் என்று வந்து வருடக் கணக்கில் இருந்தார்கள். பாய் வீடாயிற்று, படங்கு கூரையாயிற்று. 1999 நவம்பர் 20ஆம் திகதி தேவாலய வளாகத்தில் எறிகணை விழுந்து, தஞ்சம் புகுந்திருந்தவர்களில் பலர் இறந்தார்கள். 2008 ஏப்ரலில் சொரூபமே தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்து ஆவணியில் திரும்பி வந்தது. உதாரண யாத்திரிகரும் அந்த மரங்களின் கீழ் பதினான்கு மாதம் இருந்தவர்தான். அதை நினைத்தால் மூன்று சாண் பாய்க்கு மனம் புழுங்குவதற்கு வெட்கம் வரவேண்டும். வரும். வந்து, அந்தக் கதிரையைக் கண்டதும் போய்விடும்.

யோக விடுமுறைக்கும் மடுத் தங்கலுக்குமான நேரடி ஒப்பீடு 13ஆம் திகதிதான் சாத்தியமாயிற்று. றொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்து, தென்கரையில் ஏழு நாள் யோகம் முடித்த மச்சாள் ஒருவர் அன்று காலை குடும்பத்தோடு வந்து சேர்ந்தார். கையில் சுருட்டிய ஊதா நிற றபர் பாய். அதன் அகலம் இரண்டு அடி, நீளம் ஐந்து அடி எட்டு அங்குலம். உலகம் முழுவதும் இந்த அளவுதானாம். அதை அவர் நடுப்பாயின் மேல் விரித்தார். பாயின் மேல் பாய் விரித்தால் உரிமை யாருக்கு என்பது மடுவின் வழக்காற்றில் இதற்கு முன் எழாத கேள்வி.

மச்சாளுக்கு எல்லாம் பிடித்திருந்தது. தரையில் படுப்பது முதுகுக்கு நல்லது. விடிய நாலு மணிக்கு ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டு எழுப்புவது உடம்பின் கடிகாரத்துக்கு நல்லது. ஆட்கள் கூடியதும் கைபேசிக்குச் சிக்னல் செத்துப்போவது நரம்புக்கு நல்லது. ‘இதுக்கு அங்க எவ்வளவு எடுக்கிறாங்கள் தெரியுமோ?’ என்று கேட்டுக்கொண்டே, பவுசரில் பிடித்து வந்த இரண்டு வாளியில் ஒன்றரை வாளியைக் கால் கழுவப் பாவித்தார். அந்த இரண்டு வாளிக்கு உதாரண யாத்திரிகர் ஐம்பது நிமிடம் வரிசையில் நின்றிருந்தார். வாளியோடு நிற்பதற்கும் யோகத்தில் பெயர் உண்டு என்று மச்சாள் சொன்னார். தாடாசனம்.

அன்று பின்னேரம் ஐந்தரைக்கு அவர் றபர் பாயில் மல்லாந்து, கையைக் காலை அகட்டி, கண்ணை மூடிச் சவாசனத்தில் கிடந்தார். யோகக் கூடத்தில் இது ஓய்வு. மடுவில், வெயிலில் மூன்று நாள் நின்ற சனங்கள் ஒவ்வொரு மணிக்கும் ஒருவராக மயங்கி விழும் இடத்தில், இது வேறு. முதலில் ஒரு பிள்ளை நின்று பார்த்தது. பிறகு பிள்ளையின் தாய். ‘ஐயோ, ஆரப்பா இந்தப் பிள்ளை’ என்றபடி பக்கத்து மரத்து ஆச்சி ஒருவர் வந்து, நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டு, முழந்தாளிட்டுச் செபமாலையைத் தொடங்கிவிட்டார். கூட நின்ற ஏழெட்டுப் பேர் பதில் சொன்னார்கள். மச்சாள் ஒரு கண்ணைத் திறந்து பார்த்து, நிலைமையை விளங்கி, திரும்ப மூடிக்கொண்டார். ஒரு செபமாலையில் அருள்நிறைந்த மந்திரம் ஐம்பத்து மூன்று முறை வரும். அத்தனையும் முடியும்வரை அவர் அசையவில்லை. முதலுதவிப் பிள்ளைகள் இரண்டு பேர் தூக்குக் கட்டிலோடு வந்து நின்றபோது மெல்ல எழும்பி இருந்தார். கூடியிருந்தவர்கள் மாதாவுக்கு நன்றி சொன்னார்கள். அன்றிரவு தேத்தண்ணிக் கடையில் இது ஒரு புதுமையாகப் பேசப்பட்டது. உதாரண யாத்திரிகர் தம் வாழ்நாளில் ஒரு சவாசனம் முழுப்பயன் தந்ததைக் கண்டது அந்த ஒரு தரம்தான்.

ஆனால் அதே மச்சாள்தான் அன்றிரவு, கதிரைக் கால்களையும் மடிந்த மூலையையும் பார்த்துக்கொண்டு நித்திரையில்லாமல் இருந்தவரிடம், ‘விடுங்கோ அத்தான், பற்று வைக்காதேங்கோ, மூச்சை ஆழமா இழுத்து விடுங்கோ’ என்றவர். பற்றறுப்பது நல்ல காரியம். சொன்னவர் படுத்திருந்தது நடுப்பாயின் நட்ட நடுவில், கீழே வேர் இல்லாத பக்கமாக.

ஐந்தாவது உறுப்பாகிய பிரத்தியாகாரம், அதாவது புலன்களை உள்ளே இழுத்தல், மடுவில் ஒலிபெருக்கியின் உதவியோடு பயிலப்படுகிறது. மந்திரம் ஒரு பக்கம் போக, நடுவில் காணாமற்போன பிள்ளை, கண்டெடுத்த பேர்ஸ், வழியை மறித்து நிறுத்தியிருக்கும் வான், எல்லாம் தமிழிலும் சிங்களத்திலும் இரண்டிரண்டு தரம் வரும். வெள்ளை வானை எடுக்கச் சொல்லி இருபது தரம் அறிவித்தார்கள். அடுப்புக்காரர் புலன்களை உள்ளே இழுத்துவிட்டிருந்தார்.

ஆறாவது தாரணை, மனத்தை ஒரே பொருளில் நிறுத்துதல். அந்தப் பொருள் பாண். மடுவைச் சுற்றியுள்ள காட்டுக்கு 1968இல் சரணாலயம் என்று பெயர் கொடுத்தார்கள், 2015இல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். குரங்குகளுக்கு இவ்விரண்டு அறிவிப்பும் கிடைத்திருக்கிறது. அவை ஆளைப் பார்ப்பதில்லை. ஆள் எங்கே பார்க்கிறார் என்பதைப் பார்க்கும். சம்பலுக்குத் தேங்காய் துருவுகிறவர் ஒரு கணம் பவனியைத் திரும்பிப் பார்த்தால், இரண்டு இறாத்தல் பாண் படங்குக்கு மேலே போய்விடும். ஆனாலும் குரங்கு ‘கொஞ்சம் மடிச்சு விடுவியளோ’ என்று கேட்டுக்கொண்டு வருவதில்லை. அந்த வகையில் நேர்மையான உயிர்.

குளிப்பு, மலசலகூடம் ஆகியவை பற்றி இங்கே எழுதவேண்டியதில்லை. வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும்.

14ஆம் திகதி வேஸ்பருக்கு எல்லோரும் நல்ல உடுப்புப் போடுவார்கள். நான்கு நாள் மண்ணில் புரண்டு தலைமயிர் செம்பட்டையான பிள்ளைகள் எங்கிருந்தோ வெள்ளைச் சட்டையோடு வெளிப்படுவது வியப்பான காட்சி. இஸ்திரிப் பெட்டி இல்லாத காட்டில் பாய்க்குக் கீழே மடித்து வைத்து, இரவில் மேலே படுத்துத்தான் அந்தச் சட்டைகளுக்கு மடிப்பு எடுப்பது. பாயின் பயன்களில் இதைச் சேர்க்க மறந்தால் தாய்மார் மன்னிக்கமாட்டார்கள்.

15 காலை திருப்பலி முடிந்து சொரூபம் வெளியே வரும்போது இருந்தவர்கள், கிடந்தவர்கள், சமைத்தவர்கள் எல்லோரும் எழும்பிப் போய்விடுகிறார்கள். ஒலிபெருக்கி ஒரு முறை கரகரத்து நிற்கும். அடுப்புக்காரப் பெண்மணியும் உதாரண யாத்திரிகரும் அந்த நெரிசலில் தோளோடு தோள் முட்டி நிற்க நேர்ந்தது; அவர் கையிலிருந்த மெழுகுதிரி அணைந்தபோது யாத்திரிகருடையதில் பற்றவைத்துக்கொண்டார். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. ஆசீர் முடிந்து திரும்பி வந்தபோது மூன்று பாயிலும் றபர் பாயிலும் பிளாஸ்ரிக் கதிரையிலும் குரங்குகள் இருந்தன. லேஞ்சிகூட வைக்காமல் பிடித்த இடம்.

கூடாரம் கழற்றுவது கட்டுவதிலும் விரைவு. கயிற்றை அவிழ்த்துச் சுருட்டுவது, சாம்பலுக்கு மண் போடுவது, வாளிகளை ஒன்றுக்குள் ஒன்று போடுவது. புறப்படுமுன் மடுவின் மண்ணில் ஒரு கைப்பிடி எடுத்துக் கடதாசியில் மடித்துக்கொள்ள வேண்டும். பாம்பு தீண்டாமல் காக்கும் என்ற நம்பிக்கையில் வீட்டைச் சுற்றித் தூவுவார்கள். சைவக்காரரும் கேட்டு வாங்குவதுண்டு. வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் அயல் வீடுகள் ஒவ்வொன்றும் முதலில் கேட்பது, ‘எங்களுக்கு மண் கொண்டு வந்தியளோ?’ மண் எல்லோருக்கும் காணும். கச்சான்தான் காணாது; அதை மச்சாள் ரயிலிலேயே தின்று முடித்திருந்தார், அதில் புரதம் இருக்கிறதாம்.

பாய்களை உதறி, சவர்க்காரம் போட்டுக் கழுவி, வேலியில் இரண்டு நாள் காயவிட்டு, மடித்து அலுமாரிக்கு மேல் வைக்கவேண்டும். பிளாஸ்ரிக் பாய் ஒருமுறை மடிந்து அதன்மேல் பாரம் இருந்துவிட்டால் பழைய நிலைக்கு வராது. வெந்நீரில் நனைத்துப் பார்த்தாயிற்று, அம்மிக்குழவியை ஏற்றி வைத்துப் பார்த்தாயிற்று. தென்மேற்கு மூலை, மூன்று சாண், இன்னமும் மேலே நிமிர்ந்துகொண்டுதான் நிற்கிறது.